தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர் பொது மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்கலாமா?

மூன்றாண்டு பி.காம். முடித்து, விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளிக்கல்வி சார்ந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகத் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறீர்கள். இலாப நோக்கற்ற நிறுவன மேலாண்மையையும் பொது நிர்வாகத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுநிலைப் பட்டம் படிக்க ஆசை. அமெரிக்காவுக்குப் போவதா, இங்கேயே படிப்பதா, சமூகப்பணி முதுநிலைப் பட்டமான எம்எஸ்டபிள்யூவே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக இத்தகைய நிறுவனங்களில் கணக்கையும் நிர்வாகத்தையும் பார்த்துவருபவன், ஆள் எடுக்கும் நேர்காணல்கள் பலவற்றில் கேள்வி கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் படிக்கலாம். ஆனால் பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பார்த்துச் சேராதீர்கள். பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, அதில் பணத்தைப் பற்றிய தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சேவை மனப்பான்மையை வளர்க்கும் படிப்பு இது என்று நம்பிச் சேருகிறவர்கள் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். அந்த மனப்பான்மை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; இல்லாவிட்டால் நான்கு ஆண்டுகள் இந்தச் சம்பளத்தில் நீடித்திருக்க மாட்டீர்கள். உங்களிடம் இல்லாததும், ஃபீல்டில் எவ்வளவு காலம் இருந்தாலும் தானாக வந்துசேராததும், ஒரு நிறுவனத்தின் பணம் எப்படி வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது, அந்த நிபந்தனை நிறுவனத்தை உள்ளுக்குள் எப்படி மாற்றிவிடுகிறது என்பதைப் படித்தறியும் பழக்கம். நல்ல முதுநிலைப் படிப்பு கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்களை விளக்கத்துக்காக நானே போட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு மூன்று இடங்களிலிருந்து, மூன்று தனித்தனித் திட்டங்களுக்காக, 30 லட்சம், 15 லட்சம், 5 லட்சம் ரூபாய் வருகிறது. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், ஆடிட்டர் கட்டணம், மின்சாரம், இணையம் எல்லாம் சேர்ந்து 6 லட்சம் ஆகிறது. இந்த 6 லட்சத்தை எந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது? ஆளுக்கு 2 லட்சம் என்று சமமாகப் பிரித்தால், 5 லட்சம் கொடுத்தவர் தன் பணத்தில் நாற்பது சதவீதம் வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் போவதைப் பார்த்து அடுத்த ஆண்டு கதவைச் சாத்திவிடுவார். தொகையின் விகிதப்படி பிரித்தால் 3 லட்சத்து 60 ஆயிரம், 1 லட்சத்து 80 ஆயிரம், 60 ஆயிரம் என்று வருகிறது. எல்லாருக்கும் 12 சதவீதம் என்பதால் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த 5 லட்சக்காரர்தான் மாதாமாதம் அறிக்கை கேட்பவர், ஒவ்வொரு ரசீதையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்பவர், பயணச் சீட்டு இல்லாத பேருந்துக் கட்டணத்தை ஏற்க மறுப்பவர். கணக்காளரின் பாதி நாள் அவருக்கே போகிறது. கணக்காளரின் ஆண்டுச் சம்பளம் 2 லட்சத்து 40 ஆயிரம் என்றால், 1 லட்சத்து 20 ஆயிரம் இந்த ஒரு திட்டத்துக்கே செலவாகிறது. அதிலிருந்து விகிதப்படி கிடைத்ததோ 60 ஆயிரம். மீதியை யார் கொடுக்கிறார்கள்? மற்ற இருவரும், பெரும்பகுதியை 30 லட்சம் கொடுத்தவரும், தங்களுக்கே தெரியாமல் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் அந்த 5 லட்சத்தை வாங்கலாமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்விக்குள் செலவுப் பகிர்வு, நன்கொடையாளர் உறவு, தணிக்கை, அறங்காவலர் குழுவின் பொறுப்பு எல்லாம் அடங்கியிருக்கின்றன. நான் இத்துறைக்கு வந்த புதிதில், ஒரே களப்பணியாளரின் சம்பளத்தை இரண்டு திட்டங்களில் அறுபதுக்கு நாற்பது என்று எழுதினோம். பிரித்தது சரியே, ஆனால் அவர் எந்த நாளில் எந்த வேலையைச் செய்தார் என்பதற்கு நேரப் பதிவேடு வைக்கவில்லை. நிதி கொடுத்தவர் அந்தச் செலவை ஏற்க மறுத்தார், பணத்தைத் திருப்பிக் கட்டினோம். வகுப்பறையில் ஒன்றரை மணி நேரத்தில் கற்றிருக்கக்கூடிய விஷயத்துக்கு நாங்கள் ஓர் ஆண்டின் பொதுநிதியைக் கட்டணமாகச் செலுத்தினோம் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தொண்டு நிறுவனத்தையும் அரசு நிர்வாகத்தையும் ஏன் ஒரே படிப்பில் வைத்திருக்கிறார்கள் என்ற ஐயம் பலருக்கு உண்டு. பொது நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் என்பது பழையது. அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் பள்ளி 1924-இலேயே அதைத் தொடங்கிவிட்டது. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கென்று தனிப் பட்டம் வந்தது 1980களில்தான். சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1983-இல் தொடங்கியது முன்னோடிகளில் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்னவென்றால், அரசு தானே செய்துவந்த சமூகப் பணிகளை ஒப்பந்தம் போட்டு இத்தகைய நிறுவனங்களிடம் கொடுக்கும் வழக்கம் அங்கே 1960களிலிருந்து பெருகியது. பணம் அரசுடையது, வேலை தொண்டு நிறுவனத்துடையது என்றான பிறகு, ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மற்றொன்றை நடத்த முடியாமல் போயிற்று.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், பணமும் வங்கி இணைப்பும் அரசு வழியாக வந்தன. ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்காரவைத்துக் குழு அமைத்தவர்கள் தொண்டு நிறுவனங்களின் பணியாளர்கள். பின்னாளில் மாநிலம் முழுவதும் மகளிர் திட்டமாக விரிந்தது அந்த ஏற்பாடுதான். 2008-இலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்சும் அரசின் பணத்தில் ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் இயக்கும் சேவை என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் நிறுவனத்தின் மாலை நேர வகுப்புகளே அரசுப் பள்ளிக் கட்டடத்தில்தானே நடக்கும்? தலைமையாசிரியர் ஏன் வட்டாரக் கல்வி அலுவலரின் கடிதம் கேட்கிறார், அவர் ஏன் மாவட்ட அலுவலகத்தைக் காட்டுகிறார், மார்ச் 31-க்குள் செலவழிக்காத அரசு நிதி ஏன் கையைவிட்டுப் போகிறது, அரசாணையில் இல்லாத ஒரு செலவினத்தை நல்ல மனமுள்ள அதிகாரிகூட ஏன் அனுமதிக்க மாட்டார் என்பதெல்லாம் பொது நிர்வாகப் பாடங்கள். இவற்றைத் தெரியாதவர் அரசு அலுவலரைச் சோம்பேறி என்று திட்டிவிட்டு வருவார். தெரிந்தவர் எந்த மாதத்தில், எந்த மேசையில், எந்தக் கோப்போடு போய் நிற்க வேண்டும் என்று திட்டமிடுவார்.

சட்டமும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முற்றிலும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு டிரஸ்ட் பத்திரமோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவோ, அதோடு நம்பகமான ஓர் ஆடிட்டரும் இருந்தால் காலம் ஓடிவிடும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணத்தை வேறு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பது தடைசெய்யப்பட்டது. எல்லாரும் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் அந்தப் பணத்தை முதலில் பெற வேண்டும் என்றாயிற்று. பெரிய நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கி, கிராமத்திலுள்ள சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த நீண்ட காலச் சங்கிலி அன்றோடு அறுந்தது.

இன்னொரு பக்கம், கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டியிருக்கிறது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனியின் சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்கிறது. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணிகளை நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கான வரம்பு. ஆனால் உங்கள் திட்டத்தின் நிர்வாகச் செலவுக்கே 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்று நேர்முகத்தில் அடித்துச் சொல்கிற மேலாளர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். விதியின் வரையறையை எடுத்துக் காட்டி, பணிவாகவே, மறுத்துப் பேசத் தெரிந்தவர் ஒருவர் நிறுவனத்தில் இருந்தால் அவர் தன் சம்பளத்தைப் போல் சில மடங்கை ஓராண்டில் மீட்டுக் கொடுத்துவிடுவார். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருப்பதையும் நம் ஆட்களில் பலர் இன்னும் கவனிக்கவில்லை.

எம்எஸ்டபிள்யூ பற்றிக் கேட்டீர்கள். அது மதிப்புக் குறைந்த படிப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிப் பள்ளியிலிருந்து வந்தவர்களோடு வேலை பார்த்து நான் கற்றது நிறைய. ஆனால் அதன் மையம் மனிதர். தனிநபரோடும் குழுவோடும் சமுதாயத்தோடும் எப்படி வேலை செய்வது என்பதை அது கற்பிக்கிறது. குழந்தைப் பாதுகாப்பு, மருத்துவமனை, மனநலம் போன்ற துறைகளில் அந்தப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாத பணிகளும் உண்டு. மேலாண்மைப் பட்டத்தின் மையம் நிறுவனம். குழந்தையோடு உட்கார்ந்து பேசுவதில் உங்களுக்கு நிறைவு கிடைக்கிறதென்றால் எம்எஸ்டபிள்யூவுக்குப் போங்கள். அந்தக் குழந்தைக்கான வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்குமா என்ற கவலை இரவில் தூங்கவிடவில்லை என்றால் இந்தப் பக்கம் வாருங்கள்.

இந்தியாவில் இதே பெயரில் பட்டம் அரிது. வேறு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. வர்கீஸ் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம், கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தொழில்முறை மேலாளர்களை உருவாக்கப் பிறந்தது. இரண்டாண்டுப் படிப்பில் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைக்கும் பகுதி இன்றும் இருக்கிறது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்டது. கணக்கும் நிதியும் இங்கே வலுவாக இருக்கும், பி.காம். படித்த உங்களுக்கு அது சாதகம். மும்பையிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இலிருந்து இயங்குகிறது. சேர்க்கை பல்கலைக்கழகங்களுக்கான பொது முதுநிலை நுழைவுத் தேர்வு (CUET-PG) வழியாக நடக்கிறது. பெங்களூருவிலுள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தானே தேர்வு நடத்துகிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி தருகிறது. தொண்டு நிறுவனச் சம்பளத்தில் சேமிப்பு என்று ஒன்றும் இராத நம் போன்றவர்களுக்கு இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். கொள்கை வகுப்பதில் நாட்டம் இருந்தால் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் 2014-இல் தொடங்கிய பொதுக்கொள்கைப் பட்டம் இருக்கிறது. அங்கே நிறுவன நிர்வாகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்குள் என்றால், 1956-இல் தொடங்கி 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமம் இருக்கிறது. மதுரைக்கு அருகே 'தான்' (DHAN) என்ற அறக்கட்டளை டாடா டிரஸ்ட் உதவியோடு ஏற்படுத்திய டாடா-தான் அகாடமியில் வளர்ச்சி மேலாண்மை படிக்கலாம். களத்துக்கு மிக நெருக்கமான பயிற்சி வேண்டுமென்றால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் முனைவர் பட்டமோ அரசுப் பணியோ பின்னால் மனத்தில் இருந்தால், எந்தத் தன்னாட்சி நிறுவனமாயினும் அது தரும் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகராக ஏற்கப்படுகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் கவனிக்கத் தக்கது. இரண்டு ஆண்டுகள் உதவித்தொகையோடு அரசுத் துறைகளுக்குள் வேலை, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் வகுப்புகள். ஆனால் அது சான்றிதழ்ப் படிப்பே, வயது வரம்பும் உண்டு, வெறும் பி.காம். தகுதிக்குப் பொருந்துமா என்பதை அறிவிக்கை வரும்போது வரி வரியாகப் படியுங்கள்.

இப்போது அமெரிக்கா. பாடத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாக்னர் பள்ளியோ, இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஓ'நீல் பள்ளியோ கற்பிக்கும் நிதி மேலாண்மைத் தாளுக்கு இணையானதை இங்கே தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, உங்கள் மூன்றாண்டுப் பட்டம். பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன. பொது நிர்வாகத்தையும் உள்ளடக்கிய ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்கும் நான்காண்டு இளநிலைப் பட்டமோ, அதற்குக் குறைந்தால் முழுநேர முதுநிலைப் பட்டயமோ முதுநிலைப் பட்டமோ வேண்டும், அதோடு மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். அனுபவம் உங்களிடம் இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு குறைகிறது.

இரண்டாவது, படிப்புக்குப் பிறகு. விருப்பப் பணிப் பயிற்சி என்ற பெயரில் ஓராண்டு வேலை செய்யலாம். மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு, அறிவியல் தொழில்நுட்ப வகைக் குறியீடு பெற்ற படிப்புகளுக்கு மட்டும். பொது நிர்வாகப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. எச்-1பி என்பது அங்கே வேலை பார்ப்பதற்கான விசா, ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்போடு குலுக்கலில் தரப்படுவது. அதில் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கும் இலாப நோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, தொண்டு நிறுவனம் எதில் சேர்ந்தாலும் குலுக்கல் இல்லை என்று முகவர்கள் சொல்லுவார்கள். அது தவறு. வீடற்றோருக்கு உணவளிக்கும் ஒரு சாதாரண அறநிறுவனமும் மற்ற கம்பெனிகளைப் போலக் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். பத்தாண்டுகள் பொதுச் சேவையில் இருந்து 120 தவணை கட்டினால் மீதிக் கல்விக்கடன் தள்ளுபடி என்று அங்குள்ளவர்கள் எழுதுவதைப் படித்து மயங்க வேண்டாம். 2007-இல் வந்த அந்தச் சலுகை அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கடனுக்கு மட்டுமே, மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்தக் கடனே கிடைக்காது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டதால், பன்னாட்டு வளர்ச்சித் துறையில் பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கி, வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன். முழு உதவித்தொகை கிடைத்தால் மறுபேச்சில்லாமல் போய்வாருங்கள்.

அதைவிட உங்களுக்கு நெருக்கமாகத் தெரிவது பிரிட்டன். மூன்றாண்டுப் பட்டத்தை அங்கே பொதுவாக ஏற்கிறார்கள். முதுநிலை ஓராண்டில் முடிகிறது. சசெக்ஸில் 1966-இலிருந்து இயங்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் நம் நாட்டுப் பிரச்சினைகள் வெளியூர்க் கதைகளாக இருக்காது. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். நான்கு ஆண்டு முழுநேரப் பணியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே உங்களிடம் சேர்ந்திருக்கும். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விழுப்புரத்துக்கே திரும்ப நினைப்பவருக்கு நிபந்தனையே அல்ல. ஜே.என். டாடா அறக்கொடை 1892-இலிருந்து தருவது கடன் உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை மறக்காமல் கணக்கில் சேருங்கள். பட்டியலினத்தவராக இருந்தால் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையையும் மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் திட்டத்தையும் கட்டாயம் பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டத்தால் நீங்கள் இப்போதிருக்கும் அளவிலான நிறுவனத்தில் ஊதியம் பெரிதாக உயராது. அங்கே தருவதற்குப் பணம் இல்லை. பட்டம் உங்களை வேறு வகை மேசைக்கு நகர்த்தும். நிதி வழங்கும் அறக்கட்டளை, கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவு, அரசுத் திட்டங்களின் திட்ட மேலாண்மை அலகு ஆகிய இடங்களில் விண்ணப்பத்தை முதல் சல்லடையில் தள்ளாமல் வைத்திருக்க அது உதவும். நேர்காணலில் நான் பட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு பழைய வரவுசெலவுத் திட்டத்தை நீட்டி, இதில் எது உறுத்துகிறது என்று கேட்பேன். நல்ல இடத்தில் படித்தவர்கள் சிலர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சமூக நீதியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் உண்டு. பட்டமே இல்லாத ஒரு பெண், 'பதினோரு மாதத்துக்குத்தான் சம்பளம் போட்டிருக்கிறீர்கள், மே மாதம் இவர்கள் எங்கே போவார்கள்?' என்று கேட்டு வேலை வாங்கியதும் உண்டு.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் இந்த ஆண்டே விண்ணப்பிக்க மாட்டேன். நிறுவனத்தின் பொருளாளரிடம் அனுமதி கேட்டு, ஏப்ரலிலிருந்து தணிக்கை முடியும்வரை வாரத்தில் ஒரு நாள் கணக்காளருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வவுச்சர்களை நீங்களே அடுக்குங்கள், ஆடிட்டரின் உதவியாளர் எழுப்பும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருந்தால், டிசம்பருக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஆண்டறிக்கையின் வரைவையும் கேட்டுப் படியுங்கள். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுகிறது. இங்குள்ள நுழைவுத் தேர்வுகளுக்கான அறிவிக்கைகள் அதற்குச் சில மாதங்கள் கழித்து வரும். அதற்குள் அந்த நோட்டில் ஏழெட்டுப் பக்கம் நிறைந்திருக்கும். எதற்காக இந்தப் படிப்பு என்று எல்லா விண்ணப்பங்களும் கேட்கும் கட்டுரைக்கு அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்து எழுதுங்கள், போதும்.